பதிலளித்தவர் எண் பதினேழு

கண்களை மறைத்துக் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். பிடிபட்ட திருடர்களின் படத்துக்கு நாளிதழில் போடுவார்களே, அதே பட்டை.

ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருந்த புகைப்படம் அது. பாயில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே ஒரு இளம்பெண் மடியில் பரீட்சை அட்டையை வைத்துக் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு வரி: 'பதிலளித்தவர்களின் அடையாளம் காக்கப்பட்டுள்ளது.'

இடமிருந்து இரண்டாவதாக இருந்தவர் சேலைக்கு மேல் நீலக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தார். எங்கள் பக்கம் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் வீட்டு ஆண்களின் பழைய சட்டையைத்தான் மேலே மாட்டிக்கொள்வார்கள். அந்தச் சட்டையின் இடது பையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மைக்கறை. ப்ளஸ் டூ கடைசிப் பரீட்சையன்று என் பேனா கக்கியது.

அடையாளத்தை நன்றாகத்தான் காத்திருந்தார்கள். என் அம்மாவைக் கண்டுபிடிக்க எனக்கே மூன்று நொடி ஆனது.

"என்னண்ணே, பேயப் பாத்த மாதிரி உக்காந்திருக்கீக?" என்றாள் எதிர் நாற்காலி கவிதா. கொட்டாம்பட்டிக்காரி. மையத்தில் என்னோடு சேர்ந்தவள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். சொல்லக் கூடாது. எங்கள் வேலையின் முதல் விதியே அதுதான்.

ஆராய்ந்ததை ஆராய்வது

காளவாசல் ஆய்வு மையத்தில் எனக்கு வேலை கிடைத்த கதையைப் போன வாரம் எழுதினேன். உசிலம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் அட்டை போட்டிருக்கிறார்: 'வேலை கிடைத்தது சரி தம்பி, என்ன வேலை என்று கடைசி வரை சொல்லவில்லையே?'

அவர் மீது குற்றமில்லை. எனக்கே அது புரிய நான்கு மாதம் ஆனது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டியது. அதைப் பற்றி யார் யார் ஆராய்ந்திருக்கிறார்களோ அத்தனையையும், வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமல் திரட்ட வேண்டியது. எதைச் சேர்ப்போம், எதைத் தள்ளுவோம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டியது. இதற்குப் பெயர் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. பிறகு அந்த ஆய்வுகள் கண்ட எண்களையெல்லாம் ஒரே அண்டாவில் போட்டு, ஒரு எண்ணாக வடித்து எடுக்க வேண்டியது. அது மெட்டா அனாலிசிஸ்.

வீட்டில் இதை விளக்கப் பார்த்தேன்.

"அப்ப நீயா எதையும் ஆராய மாட்டியா?" என்றார் அம்மா.

"மத்தவுக ஆராஞ்சத நான் ஆராய்வேன்மா."

மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாலு பேரு பேசுறதக் கேட்டு வந்து சொல்றதுக்கு எம்.ஏ. எதுக்கு? நம்ம டீக்கடை கருப்பன் சும்மாவே அதச் செஞ்சுக்கிட்டு இருக்கான்."

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையெல்லாம் வாசற்படி வரைதான்.

தராசு பிடித்தவர்

எங்களுக்கு வந்த கேள்வி இது: மகளிர் குழுப் பெண்களுக்கு மூன்று நாள் ஆளுமைப் பயிற்சி கொடுத்தால் அவர்களுடைய தன்னம்பிக்கை கூடுகிறதா?

சென்னையில் ஒரு நிதி அமைப்புக்கு இதற்குப் பதில் தேவைப்பட்டது. 'கூடுகிறது' என்றால் பயிற்சி மற்ற மாவட்டங்களுக்கும் போகும். அந்தப் பயிற்சியை நடத்துவது யார் என்றால், எங்கள் மையமேதான். புரோட்டாக் கடைக்காரரையே கூப்பிட்டு, 'உங்க புரோட்டா எப்படி இருக்கு, நடுநிலையாச் சொல்லுங்க' என்று கேட்ட மாதிரி.

எங்கள் இயக்குநருக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. "அறிவியல்ல ஒளிவுமறைவே கிடையாது தம்பி. உண்மை என்னவோ அதத்தான் எழுதப்போறோம். பயிற்சி நல்ல பயிற்சி, அது வேற விஷயம்" என்பார்.

இதைக் கற்க எங்களுக்கு இணையத்தில் பத்து நாள் வகுப்பு. மையத்தின் இணைப்பு மழை மேகத்தைப் பார்த்தாலே செத்துவிடும். ஆகவே மெட்டா அனாலிசிஸில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வெயில் நாள் பாடங்கள்.

அதில் கற்ற ஒரு படத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். படத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. 'பலன் இல்லை' என்பதற்கான கோடு அது. ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு வரி, வரிக்கு ஒரு சின்னக் கட்டம். எல்லாவற்றையும் சேர்த்த முடிவு அடியில் வைரம் போல நிற்கும். வைரம் கோட்டைத் தொடாமல் வலப்பக்கம் நின்றால், பயிற்சி பலித்தது. தொட்டுவிட்டால், உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது.

என் ஒப்பந்தம் அந்த வருடக் கோடையோடு முடிகிறது. வைரம் வலப்பக்கம் நின்றால் அடுத்த கட்டத் திட்டம் வரும், எனக்கும் கவிதாவுக்கும் இன்னும் இரண்டு வருட வேலை. இயக்குநர் இதைச் சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. நேராகவே சொன்னார்.

இனி அந்த முதல் விதி. ஒவ்வொரு ஆய்வையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியக் கூடாது. கடைசியில் ஒப்பிட வேண்டும். இருவரும் ஒத்துப்போனால் அதுவே முடிவு. முரண்பட்டால் மட்டும் மூன்றாமவர் தீர்த்துவைப்பார். மூன்றாமவர் இயக்குநர்.

எங்களுக்கு இருந்ததோ ஒரே மேசை. நடுவில் கோப்புகளை அடுக்கிச் சுவர் கட்டிக்கொண்டோம். அப்படியும் கவிதாவிடம் ஒரு சிக்கல். ஒரு ஆய்வு பிடிக்கவில்லை என்றால் 'உச்' கொட்டுவாள். அதை வைத்தே அவள் தள்ளிவிட்டாள் என்று தெரிந்துவிடும். விதியை மீறக் கூடாதே என்று நான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, "அண்ணனுக்குக் காது வலியா?" என்று பூண்டுத் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள்.

எங்களுக்குள் முரண்பாடு வந்தால் இயக்குநருக்குச் சந்தோஷம். "முரண்பாடு ஆரோக்கியம்" என்பார். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார். பயிற்சி பலித்தது என்று இருந்தால் சேர்த்துக்கொள்வார். பலிக்கவில்லை என்றால் 'தரம் போதாது' என்று தள்ளிவிடுவார். அந்த நிதானத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அட்டவணையில் என் வாழ்க்கை வரலாறு

அம்மாவின் படத்தைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. சேர்த்துவைத்திருந்த ஆய்வேடுகளை மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

எந்த ஏட்டிலும் எங்கள் ஊர்ப் பெயர் இல்லை. 'மதுரை மாவட்டத்தின் மேற்கே, எழுமலையை ஒட்டிய ஒரு கிராமம்' என்று மட்டும் இருந்தது. அப்படி ஏழு ஏடுகள். ஏழும் வெவ்வேறு கல்லூரி, வெவ்வேறு வருடம். ஏழிலும் நாற்பது பெண்கள்.

ஏன் இந்தக் கிராமம் என்ற கேள்விக்கு ஏழு பேரும் 'நோக்கமுறைத் தெரிவு' என்று எழுதியிருந்தார்கள். அந்த நோக்கம் எனக்குத் தெரியும். எங்கள் ஊருக்குக் காலை பத்து மணிக்கு ஒரு பஸ் வரும். அதே பஸ் மூன்றரைக்குத் திரும்பும். சுற்றுவட்டாரத்தில் வேறெந்த ஊருக்கும் அந்த வசதி கிடையாது.

பிறகு பதினேழாம் எண் கண்ணில் பட்டது. ஆய்வேட்டின் கடைசியில் ஒவ்வொரு பெண்ணின் விவரமும் அட்டவணையாக இருக்கும். குழுப் பதிவேட்டின் வரிசையில்தான் எழுதுவார்கள்போல. ஏழு ஏட்டிலும் பதினேழாமவர் நான்காம் வகுப்பு, மானாவாரி நிலம், ஒரு மகன்.

முதல் ஏட்டில் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்ததில் இளங்கலை முதலாண்டு. அதற்கடுத்ததில் 'இளங்கலை, ஒரு பாடம் நிலுவை'. இதைக்கூடவா சொல்ல வேண்டும்? பிறகு முதுகலை. கடைசி ஏட்டில், 'முதுகலை முடித்து வேலையின்றி வீட்டில்.'

என் வாழ்க்கையை ஏழு பேர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நான் இந்த வார இதழில் எழுதுவது எட்டாவது.

மையத்துக்குக் கீழே இருந்த புரோட்டாக் கடையில் கொத்துச் சத்தம் ஆரம்பித்திருந்தது. எனக்கு அது என் மண்டைக்குள் கேட்டது. ஏழு ஆய்வு, ஆனால் அதே நாற்பது பெண்கள். ஒருவரையே ஏழு தடவை எண்ணிவிட்டு ஏழு பேர் என்று சொல்வது மெட்டா அனாலிசிஸில் பெரும்பாவம். வெயில் நாள் பாடத்திலேயே அது இருந்தது.

மற்ற ஆய்வுகளோடு இந்த ஏழையும் ஏழாகவே போட்டுக் கணினியை ஓட்டினேன். வைரம் கோட்டைவிட்டு வெகுதூரம் வலப்பக்கம் போய் நின்றது. ஏழையும் ஒன்றாக்கி ஓட்டினேன். வைரம் நகர்ந்து வந்து கோட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

அந்த வைரத்துக்கு அடியில் என் வேலை இருந்தது.

தீர்மான நோட்டு

ஞாயிற்றுக்கிழமை அதே பத்து மணி பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அம்மா செடியிலிருந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். கூடவே செல்லத்தாயி அத்தை. மகளிர் குழுத் தலைவி.

போனில் படத்தைக் காட்டினேன். "எம்மா, இது நீதான?"

"ஆமா. கண்ணுல என்னடா கறுப்பா?"

"ஆளு அடையாளம் தெரியக் கூடாதுன்னு."

"அதான் சட்ட தெரியுதே" என்றார் அத்தை.

"இப்படிக் கேள்வி கேட்டு எத்தன தடவ வந்தாக?"

"யாரு கணக்கு வச்சா? பிள்ளைக வருசந்தோறும் வருதுக" என்றார் அம்மா. "கேள்வி அம்புட்டும் எனக்கு மனப்பாடம். போன தடவ வந்த புள்ள எட்டாவதுலருந்து பத்தாவதுக்குத் தாவிருச்சு. 'ஏத்தா, ஒம்பத விட்டுட்டியே, கூட்டத்தில் பேச எனக்குத் தயக்கமில்லை, அதக் கேளு'ன்னு நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

"ஒம்பதுக்கு என்ன சொன்ன?"

"முழுவதும் ஒத்துக்கொள்கிறேன்."

"மத்ததுக்கு?"

"எல்லாத்துக்கும் அதான். இல்லேன்னா அழுகுதுகடா."

எனக்குப் புரியவில்லை. அத்தை விளக்கினார்.

"மொதல்ல வந்த புள்ளகிட்ட உள்ளதத்தான் சொன்னோம். பயிற்சின்னு மூணு நாளு உக்கார வச்சாக, புளியோதர குடுத்தாக, பலூன ஊதச் சொன்னாக, ஊதிட்டு வந்தோம், வேறென்னன்னு. எண்ணி ஒரு மாசத்துல அந்தப் புள்ள திரும்பி வந்து நிக்கிது. ரிசல்ட் வரலேன்னு அவுக வாத்தியாரு கையெழுத்துப் போட மாட்டேங்கிறாராம். இந்தா, இந்தக் கல்லுல உக்காந்து அப்படி ஒரு அழுக. மனசு கேக்கல. அன்னைக்கே குழுவக் கூட்டித் தீர்மானம் போட்டுட்டோம்."

"என்ன தீர்மானம்?"

அத்தை எழுந்து போய்த் தீர்மான நோட்டைக் கொண்டுவந்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். நீல மையில், கோணல்மாணலாக:

'படிக்கிற பிள்ளைகள் யார் கேள்வி கேட்டு வந்தாலும் எல்லோரும் நல்ல பதிலாகச் சொல்வது என்றும், டீ கொடுப்பது என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' அடியில் நாற்பது கையெழுத்து.

முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதிலிருந்து இம்மியும் விலகாமல் நடப்பது. எங்கள் மையத்தைவிடச் சுத்தமாகச் செய்திருந்தார்கள்.

"அது தப்பில்லையாம்மா?"

"என்னடா தப்பு? நாளைக்கு நீயும் எந்த ஊரு வாசல்லயோ பேப்பரத் தூக்கிக்கிட்டு நிப்பன்னு நெனச்சேன். அங்க ஒருத்தி உனக்கு நல்லபடியாச் சொல்லணும்ல?"

நின்றிருக்கிறேன். எம்.ஏ. ஆய்வுக்குக் கீழக்குயில்குடிப் பக்கம் வீடு வீடாகப் போனேன். கேட்டதற்கெல்லாம் 'ரொம்ப நல்லாருக்கு தம்பி' என்றார்கள். 'அருமையான ரிசல்ட்' என்று பேராசிரியர் முதுகில் தட்டினார். நான் கேள்வி கேட்ட திறமை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தையிடம் கேட்டு, தீர்மானப் பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டேன்.

பாவம், வேலை கிடைக்கல

ஒவ்வொரு ஆய்வுக்கும் நாங்கள் நிரப்பும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: 'தனி ஆய்வா? வேறொரு ஆய்வின் அதே மக்களா?' ஏழு படிவத்திலும் 'அதே மக்கள்' என்று எழுதினேன். தீர்மான நோட்டின் படத்தை இணைத்தேன். பதில்களில் என்ன வகைப் பிழை என்று இன்னொரு கட்டம் கேட்டது. புத்தகத்தில் பிழைகளுக்கு நீளமான பட்டியல் இருக்கிறது. அதில் இரக்கம் இல்லை. 'மற்றவை' என்று போட்டேன்.

எழுதிவிட்டேனே தவிர, பயம்தான். கவிதா மட்டும் 'தனி ஆய்வு' என்று எழுதியிருந்தால் அது முரண்பாடு. முரண்பாடு இயக்குநரிடம் போகும். ஏழு ஏழாகவே நிற்கும், என் பெயர் மட்டும் கெடும். ஒரு வார்த்தை அவளிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நமைத்தது. அவள் பிழைப்பும் அதே வைரத்துக்கு அடியில்தானே இருக்கிறது? என்ன உரிமையில் சொல்வது? சொல்லவில்லை.

ஒப்பிடுகிற நாள் வந்தது. கோப்புச் சுவரை விலக்கினோம். அவள் படிவங்களைத் திருப்பி வைத்தாள். ஏழிலும் 'அதே மக்கள்.'

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"அந்தப் பதினேழாம் நம்பர் அம்மா இருக்காகள்ல? அவுக மகன் ஒவ்வொரு தீசிஸ்லயும் ஒரு கிளாஸ் பாஸாகிக்கிட்டே வாரான்ணே. நடுவுல ஒரு அரியர் வேற. எனக்கு அவன் மேல ஒரு பாசமே வந்துருச்சு." அவள் 'உச்' கொட்டினாள். "கடைசி தீசிஸ்ல பாருங்க, எம்.ஏ. முடிச்சும் வேலை கிடைக்கல. பாவம்."

"கிடைச்சிருச்சு" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்புறம், "இருக்குமா இனிமே?" என்று கேட்டாள்.

மூன்றாமவர்

ஏழாகப் போட்டது, ஒன்றாக்கிப் போட்டது என்ற இரண்டு வைரப் படங்களையும் இயக்குநர் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏழு காலேஜ் முத்திரை இருக்கு தம்பி. ஏழு ஆய்வு எப்படி ஒண்ணாகும்?"

"அதே நாப்பது பேரு சார்."

"ஆதாரம்?"

"எங்கம்மா சார்."

"அம்மாவையெல்லாம் மேற்கோள் காட்ட முடியாது." தீர்மான நோட்டின் படத்தைக் காட்டினேன். படித்தார். டீ கொடுப்பது என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு முகம் தெளிந்தது. "அப்போ உனக்கு இதுல சொந்தம் இருக்கு. சொந்தம் இருக்கிறவங்க முடிவு சொல்லக் கூடாது. நீ விலகிக்க. உன் இடத்துல நான் படிக்கிறேன்."

விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்த காரணத்தாலேயே தகுதி போய்விட்டது. பயிற்சியை நடத்துகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

கவிதா மெதுவாகக் கேட்டாள். "சார், நான் ஒண்ணுங்கிறேன். நீங்க ஏழுங்கிறீங்க. அப்ப முரண்பாடு ஆயிருதே. தீர்த்துவைக்கிற மூணாவது ஆளு யாரு சார்?"

"நான்தான்."

"நீங்க ரெண்டாவது ஆளு சார் இப்ப."

விதிகளை எழுதியவர் அவர். கையெழுத்திட்டு, யாரும் பார்க்கலாம் என்று இணையத்தில் பதிவு செய்தவரும் அவரே. சென்னைக்காரர்கள் அதை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.

"ஒண்ணுன்னே போடுங்க" என்றார், பல் வலிக்கிறவர் மாதிரி.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. படத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஆய்வாளர் பெயர் இருக்க வேண்டும். பலர் என்றால் முதல் பெயரைப் போட்டு, 'மற்றும் பிறர்' என்று சேர்ப்பது வழக்கம்.

"யாரு பேரு சார் போடட்டும்? ஏழு பேரு இருக்காக."

"ஒருத்தர் பேரப் போட்டா மத்த ஆறு பேரோட வழிகாட்டிகளும் என்கிட்ட மூஞ்சியத் தூக்குவாங்க." எரிச்சலில் கையை வீசினார். "பதில் சொன்னவங்க பேரையே போட்டுத் தொலை."

நான் சொன்னதைச் செய்கிற பிள்ளை. 'ராசாத்தி மற்றும் பிறர்' என்று தட்டச்சு செய்தேன். அம்மாவின் பெயரை ஆங்கில எழுத்தில் நான் அடித்தது அதுதான் முதல் தடவை. வைரத்தை மட்டுமே பார்க்கிற இயக்குநர் வரிகளைப் படிக்கவில்லை. அறிக்கை சென்னைக்குப் போனது.

கோடை முடிந்ததும் 'திட்டத் தேவை நிறைவுற்றதால்' என்று தொடங்கும் கடிதம் எனக்கு வந்தது. கவிதாவுக்கு வரவில்லை; அவளை மையத்தின் வேறு வேலைக்கு மாற்றிக்கொண்டார்கள். அட்டவணையில் அவளுக்குத் தாயார் யாரும் இல்லை.

ஒரு போன்

ஊரில் இருந்தேன். ஒரு முற்பகலில் இயக்குநர் கூப்பிட்டார். குரலில் என்றுமில்லாத பதவிசு.

"தம்பி, நல்லாருக்கியா? சென்னைக் கமிட்டியில ரிப்போர்ட்டப் படிச்சிருக்காங்க. மத்த மாவட்டத்துக்குக் கொண்டுபோறத நிறுத்திவச்சிருக்காங்க. அந்த ஒரு ஆய்வ மட்டும் எங்கயும் தேடிக் கிடைக்கலையாம். அந்த ஆய்வாளர்கிட்ட நேரடியாப் பேசிட்டுத்தான் மேற்கொண்டு முடிவாம். யாருப்பா இந்த ராசாத்தி? எந்த யூனிவர்சிட்டி?"

"எங்கம்மா சார்."

இணைப்புப் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"அவங்க... பக்கத்துல இருக்காங்களா?"

அம்மா தொழுவில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். போனை அவர் காதில் வைத்துப் பிடித்தேன். இயக்குநர் மெதுவாக, மரியாதையாக, நீளமாக ஏதோ சொன்னார். அம்மா 'ம்' கொட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அதெல்லாஞ் சரிங்க சார். கேக்கச் சொல்லுங்க, சொல்றேன்" என்றார். "ஆனா மொதல்லயே சொல்லிப்புடுங்க. உள்ளதச் சொல்லணுமா, நீங்க பாஸாகுற மாதிரி சொல்லணுமா?"